முத்திரைக்காரியும் என் அக்காவும்

1

இந்தக் கதை ஓர் ஆட்டுக் கணக்கில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் மிகுபுனைவு நாவல்கள் எழுதிப் பிழைப்பவன். இல்லாத நாடு, இல்லாத மலை, இல்லாத ராஜா. என் நாவல் வரிசையின் முதல் பாகத்தில் தலைநகரைக் காவல் காக்கப் பன்னிரண்டு பறக்கும் நாகங்களை வைத்திருந்தேன். அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். நிலத்தடி நீர் அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்தவள் அவள். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது ஏழாம் பக்கத்தின் முதுகில் பென்சிலால் கிறுக்கியிருந்தாள். நாகம் ஒன்று எட்டு டன் என்றால் நாளைக்கு ஐந்து ஆடு. பன்னிரண்டு நாகத்துக்கு அறுபது ஆடு. வருடத்துக்கு ஏறக்குறைய இருபத்திரண்டாயிரம். கீழே ஒரு கேள்விக்குறி.

"உன் ராஜ்யத்துல ஆடு மேய்க்கறவன் ஒருத்தன்கூட இல்லையேடா. எல்லாரும் வாளைத் தூக்கிக்கிட்டுச் சும்மா சுத்திக்கிட்டிருக்கானுங்க."

"அது மாய நாகம்க்கா."

"மாய நாகம்னா பசிக்காதா? அப்புறம் அதுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய வாய்?"

நாகங்களை இரண்டாகக் குறைத்தேன். வடக்கே ஒரு புல்வெளியையும், வாய்த்துடுக்கு மிகுந்த நான்கு மேய்ப்பர்களையும் சேர்த்தேன். புத்தகம் வந்தபின் நாகங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் மேய்ப்பர்களைத்தான் கொண்டாடினார்கள்.

நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கதையில் நாகம் கிடையாது. இது அக்காவைப் பற்றியது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாத" என்றாள்.

2

முதல் தொடக்கம்:

பதினேழாம் எண் கண்காணிப்புக் கிணற்றின் இரும்பு மூடியைத் திருகித் திறந்தபோது அவளுக்கு—

[நிறுத்திவிட்டேன். அவளுக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் அவள் அந்தக் கிணற்றுக்குப் போய் வந்தாள். ஒரு தடவைகூட நான் கூடப் போனதில்லை.]

இரண்டாம் தொடக்கம்:

அந்தச் சமவெளியின் அடியில் ஒரு கடல் ஒளிந்திருந்தது.

[அழகான வரி, ஆனால் பொய். பூமிக்கு அடியில் கடலும் இல்லை, ஆறும் இல்லை. நனைந்த மணல்தான் இருக்கிறது, பாத்திரம் துலக்கும் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதுபோல. இதை அக்கா எனக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். பத்து தடவையும் நான் கடல் என்றே எழுதினேன்.]

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன். அலங்காரம் இல்லாதது.

ஒரு பெண் இருபத்தாறு வருடம் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தாள். தொழிற்சாலைகள் வர இருந்த சமயத்தில், அந்தத் தண்ணீர் எத்தனை வருடம் தாங்கும் என்று அவளிடம் கேட்டார்கள். அவள் சொன்னாள். அதன்பின் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

3

கதைக்குள் போவதற்கு முன் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம்.

புது உலகம் ஒன்றைக் கட்ட நினைப்பவன் முதலில் வரைபடம் போடுவான். மலை வரைவது சுலபம், முக்கோணங்கள் போதும். காட்டுக்குச் சின்னச் சின்னக் குடைகள். அதோடு பலர் முடித்துக்கொள்வார்கள். அந்த உலகத்தில் காலையில் யார் சாக்கடை அள்ளுகிறார்கள், உப்பு எந்த வழியாக வருகிறது, கோட்டை கட்டக் கல் உடைத்தவன் அன்று மதியம் என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். மந்திரம் இருக்கிறதே, அது போதாதா என்பார்கள்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு பழைய சச்சரவு உண்டு. மந்திரத்துக்கு விலை இருக்க வேண்டுமா, வேண்டாமா? இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. மந்திரவாதி கையை அசைத்தால் எங்காவது ஏதாவது குறைய வேண்டும். அப்போதுதான் கதையில் பயம் இருக்கும். விலை கேட்டால் அது மந்திரமே இல்லை, பலசரக்குக் கடை என்பது எதிர்க்கட்சி.

ஒரு வேடிக்கை பாருங்கள். என் நாட்டில் ஆயிரம் வருடமாக அதே எண்ணிக்கையில் வீடுகள், அதே அளவு வயல்கள். "அதெப்படி வளராமலே இருக்கும்? நம்பும்படி இல்லையே" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நாம் வாழும் நாட்டில் எல்லாம் வருடத்துக்கு மூன்று சதவீதம் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் ஆபத்து என்கிறார்கள். மூன்று சதவீதம் என்றால் இருபத்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் இரண்டு மடங்கு. அதை நம்பும்படி இல்லை என்று யாரும் யாருக்கும் எழுதிப் போடுவதில்லை. மிகுபுனைவு எழுதுகிறவன் என்று என்னைச் சொல்கிறார்கள்.

[இந்தப் பத்தி கட்டுரைபோல ஆகிவிட்டது. ஆனாலும் இருக்கட்டும். அக்காவின் அலுவலகத்தில் நடந்தது இந்தச் சச்சரவுதான்.]

இரண்டாம் பாகம் எழுதும்போது நான் விலை கேட்கும் கட்சியில் சேர்ந்தேன். காரணம் அக்கா. என் நாட்டில் மந்திரவாதிகள் பூமிக்கு அடியிலிருந்து ஒருவித ஒளியை எடுத்து வித்தை காட்டுவார்கள். அவள் எப்போதும் கேட்கும் கேள்வியையே அதற்கும் கேட்டாள்.

"எங்கருந்து வருது?"

"அடியிலருந்து."

"அது சரி. எடுத்தா திரும்ப ஊறுதா?"

நான் யோசித்திருக்கவில்லை.

"எங்க சமவெளியில மேல்மட்டம் மழை பெஞ்சா ஊறும். கீழ்மட்டம் அப்படி இல்ல. பன்னெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பெஞ்ச மழைடா அது. யாரோ எப்பவோ சேத்து வெச்ச மாதிரி. எடுத்தா எடுத்ததுதான்."

அன்றைக்கே என் நாட்டின் ஒளியை நான் ஊறாத ஒளியாக மாற்றினேன். நாவல் வரிசை முழுவதும் அந்த ஒரு மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது. நன்றியுரையில் அவளுக்கு ஒரு வரி ஒதுக்கினேன்.

4

இனி அக்காவின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அவள் சொன்னதும், சொல்லாமல் விட்டதை நான் நிரப்பிக்கொண்டதும் கலந்திருக்கும்.

அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அவளுக்கு ஜன்னலோர மேசை. ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடத்தின் தகரக் கூரை தெரியும். மேசையில் நாற்பத்தோரு கிணறுகளின் கோப்புகள். பதினேழாம் எண் கிணறு சமவெளியின் விளிம்பில், ஒரு சின்ன ஊருக்கு வெளியே இருந்தது. விளிம்பில் நீர் தாங்கும் மணல் மெல்லியது. நடுவில் அதிகமாக உறிஞ்சினால் முதலில் வற்றுவது விளிம்புதான். எண்களைப் போட்டுப் பார்த்தாள். மழையில் ஊறிக் கீழே போவது ஒரு பங்கு. தொழிற்சாலைகள் வந்தால் மேலே எடுக்கப்போவது ஆறு பங்கு. மூன்று மாதம் திரும்பத் திரும்பக் கணக்கிட்டாள். விளிம்பு ஊர்களின் கிணறுகள் முப்பத்தைந்திலிருந்து நாற்பது வருடத்துக்குள் வற்றும்.

அதை அப்படியே அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினாள். வரிக்குக் கீழே கோடு போடவில்லை. கோடு போட்டால் உணர்ச்சிவசப்படுகிறாள் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இயக்குநர் அறிக்கையைப் படித்துவிட்டு, ஒரு கமிட்டி பார்க்கட்டும் என்றார். கமிட்டியில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார்.

5

பேராசிரியரை நான் இரண்டு தடவை எழுதினேன்.

முதல் தடவை அவர் விரலில் பெரிய மோதிரம் போட்டிருந்தார். பேசும்போது மூக்கால் சிரித்தார். முதலாளிகளோடு விருந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். எழுதியதை அத்தானிடம், அதாவது அக்காவின் கணவரிடம், காட்டினேன். அவர் அதை அக்காவிடம் படித்துக் காட்டியிருக்கிறார்.

"மோதிரமா? அவருக்கா? சட்டை காலர்ல நூல் பிரிஞ்சிருந்துச்சு பாவம்" என்றாளாம். "நல்ல மனுஷன். எனக்கு முதல்ல காபி எடுத்துக் குடுத்துட்டுத்தான் தனக்கு எடுத்துக்கிட்டாரு. அவரை வில்லனா ஆக்கினா, எதுத்துப் பேச முடியாம நான் ஏன் முழிச்சேன்னு யாருக்கும் புரியாது."

ஆகவே மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். இனி வருவது இரண்டாவது பேராசிரியர்.

அவர் அறிக்கையை வரி வரியாகப் படித்திருந்தார். "உங்க கணக்குல ஒரு தப்பும் இல்ல மேடம்" என்றுதான் தொடங்கினார். "நாப்பது வருஷம் கழிச்சு வர்ற நஷ்டத்த இன்னிக்கு மதிப்புல எப்படி எடுத்துக்கறதுன்னுதான் கேள்வி. அதுக்குத் தள்ளுபடி விகிதம்னு ஒண்ணு இருக்கு."

துணிக்கடை வாசலில் தொங்கும் சொல் அது. அங்கே சட்டைக்குத் தள்ளுபடி. இங்கே காலத்துக்கு. நாளைக்கு வருவது இன்று வருவதைவிடக் கொஞ்சம் மதிப்புக் குறைவு, நாளை மறுநாள் வருவது இன்னும் கொஞ்சம் குறைவு. வருடத்துக்கு ஐந்து சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், நாற்பது வருடம் கழித்துக் கஷ்டப்படப்போகும் ஏழு பேர் இன்றைக்குக் கஷ்டப்படும் ஒருவருக்குச் சமம். நூறு வருடம் கழித்து என்றால் நூற்று முப்பது பேர் சேர்ந்தால்தான் ஓர் ஆள்.

(அடிக்குறிப்பு: இது நான் கண்டுபிடித்த மந்திரம் அல்ல. கணிப்பானில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஐந்து சதவீதம் சரியா, ஒரு சதவீதம் சரியா என்று அறிஞர்கள் பல வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு எண்ணை மாற்றினால் பேரப்பிள்ளைகள் திடீரென்று முழு மனிதர்களாகிவிடுவார்கள், அல்லது காணாமல் போய்விடுவார்கள்.)

அக்கா கேட்டாள்: "ஏழு பேர் எப்படி சார் ஒருத்தர் ஆவாங்க?"

"அவங்க நம்மைவிட வசதியா இருப்பாங்க மேடம். நம்ம தாத்தா காலத்தையும் நம்ம காலத்தையும் பாருங்க. அப்ப முடியாதது எத்தனை இப்ப முடியுது! கடல்தண்ணியச் சுத்தம் பண்றது அன்னிக்கு மலிவாயிருக்கும். வேற ஏதாவது வழி வந்திருக்கும்."

"எங்கருந்து சார் வரும்?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா எப்பவும் வந்திருக்கு."

அக்கா வாயைத் திறந்தாள். அவர் குரலை உயர்த்தாமலே அடுத்ததைக் கேட்டார்.

"தொழிற்சாலை வந்தா பதினோராயிரம் பேருக்கு வேலை. அவங்க இப்ப இருக்காங்க. இப்ப பசிக்குது. இன்னும் பிறக்காத ஒருத்தருக்காக இவங்களக் காத்திருக்கச் சொல்லுங்கன்னு நீங்க சொல்றீங்க. சொல்லலாம். ஆனா யார் போய்ச் சொல்றது? நீங்க போவீங்களா?"

இந்த இடத்தில் அக்காவுக்கு ஒரு நல்ல பதில் எழுதிக் கொடுக்கப் பார்த்தேன். நான்கு பதில் எழுதினேன், நான்கும் பிரமாதம். ஆனால் அன்றைக்கு அவளுக்கு எதுவும் வாயில் வரவில்லை. காபிக் கோப்பையின் பிடியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். பதினோராயிரம் பேரை அவள் மறந்திருக்கவில்லை. அவர்களில் சிலரைத் தினமும் பேருந்தில் பார்க்கிறவள்தான். அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

6

ஒரு வாரம் கழித்துத் திருத்திய அறிக்கை மேசைக்கு வந்தது. முதல் பக்கத்தில், 'நடுத்தரக் காலத்தில் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதிர்பார்க்கப்படவில்லை' என்று இருந்தது. அவளுடைய முப்பத்தைந்து, நாற்பது வருடம் கடைசி இணைப்பின் பதினான்காம் பக்கத்துக்குப் போயிருந்தது. நடுத்தரக் காலம் என்றால் பதினைந்து வருடம் என்று வேறொரு பக்கத்தில் விளக்கமும் இருந்தது. ஒரு வரியும் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட இடம். இரண்டு இடங்கள் நிரம்பிவிட்டன.

மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். அவள் படிக்கட்டுப் பக்கம் போய் நின்று எனக்குப் போன் செய்தாள். அந்தப் பேச்சைத்தான் இப்போது எழுத வேண்டும். இதற்காகத்தான் கதையே தொடங்கினேன் போலிருக்கிறது.

[முதல் வடிவம்]

"என்னடா பண்ணட்டும்?"

"உன் மனசு என்ன சொல்லுதோ அதச் செய்க்கா."

[அடித்துவிட்டேன். நான் அப்படிச் சொல்லவில்லை.]

[இரண்டாம் வடிவம்]

"என்னடா பண்ணட்டும்?"

"நீ போடலைன்னா வேற யாராவது போடத்தான் போறாங்க. உனக்கு இன்னும் ரெண்டரை வருஷ சர்வீஸ் இருக்கு. அத்தானுக்கு முட்டி ஆபரேஷன் வேற இருக்கு. யோசிச்சுக்க."

[இதில் பாதி உண்மை. சொற்கள் ஏறக்குறைய இவைதான். ஆனால் இப்படி அக்கறையோடு சொன்னதாக எழுதினால் அது இன்னொரு மோதிரம்.]

[மூன்றாம் வடிவம்]

இரண்டாம் பாகத்தின் கடைசி நூறு பக்கங்கள் அக்காவிடம் இருந்தன. வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒளி தீர்ந்துபோகும் வேகத்தை அவள் சரிபார்த்துத் தர வேண்டும், அது இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நாளாக அவள் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. போன் அடித்தபோது, முடித்துவிட்டாள் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"டேய், என்னடா பண்ணட்டும்?"

"போட்டுடுக்கா. போட்டுட்டு வேலையப் பாரு. எத்தனை நாள் இதையே பிடிச்சுத் தொங்குவ?"

அந்தப் பக்கம் யாரோ படி இறங்கும் சத்தம் கேட்டது.

"சரி" என்றாள்.

"அந்த நூறு பக்கம்?"

"நாளைக்கு அனுப்பறேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். எல்லாத் திருத்தமும் சரியாக இருந்தது.

7

அதற்கப்புறம் இரண்டு வருடத்தில் மூன்றாம் பாகத்தை எழுதினேன். அதன் நாயகி அரண்மனை முத்திரையைக் காப்பவள். கடைசி அடுக்கின் ஒளியையும் தோண்டி எடுக்கலாம் என்று ராஜா ஆணை எழுதுகிறான். பிறக்கப்போகிறவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், பார்த்துக்கொள்வார்கள் என்கிறார் மந்திரி. ஆணையில் முத்திரை விழ வேண்டும். நிறைந்த சபையில் முத்திரைக்காரி எழுந்து பேசுகிறாள். அக்காவுக்காக நான் எழுதி வைத்திருந்த நான்கு பதில்களையும் அவள் வாயில் வைத்தேன். பேசி முடித்து, முத்திரையை அரண்மனைக் கிணற்றில் வீசிவிட்டு வெளியே நடக்கிறாள்.

எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. ஒரு வார்த்தைகூட அக்காவிடமிருந்து எடுத்தது என்று தோன்றவில்லை. இது உண்மை. நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கைப்பிரதியைப் படித்துக்கொண்டிருந்தாள். காதில் பென்சில். நான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் அத்தியாயத்துக்கு வந்தாள். மெதுவாகப் படித்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பி மறுபடி முன் பக்கத்துக்குப் போனாள். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அது உருண்டு தரையில் விழுந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் செருப்பைத் தேடியபடி கேட்டாள்.

"இவ கையெழுத்துப் போடலைல்ல."

"முத்திரைக்கா."

"சரி, முத்திரை."

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு." ஒரு செருப்புக்குள் கால் போயிற்று. "அடுத்த நாள் யாரு அந்த முத்திரையக் குத்தினாங்கன்னு நீ எழுதல."

"முத்திரைதான் கிணத்துல போயிடுச்சே."

"வேற செஞ்சிருப்பாங்கடா. முத்திரை செய்ய எவ்ளோ நேரம் ஆகும்?"

படி இறங்கிப் போய்விட்டாள். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் பாகம் நன்றாக ஓடியது. இப்போதும் கடிதங்கள் வருகின்றன. முத்திரைக்காரியைப்போல ஒருத்தியாவது நிஜத்தில் இருந்தால் என்று ஒரு கடிதம் முடிந்திருந்தது. அதற்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை.

8

[இந்தப் பகுதியில் அக்கா மன்னிப்பதாக ஒரு காட்சி இருந்தது. பேருந்து நிறுத்தம், தூறல், ஒரே குடை. அக்காவும் நானும் ஒரே குடைக்குள் நின்றதே கிடையாது. நீக்கிவிட்டேன்.]

நடந்தது இது. அவள் ஓய்வுக்கு இரண்டரை மாதம் முன்னதாகவே விடுப்புப் போட்டுவிட்டு வேலையை விட்டாள். அலுவலகத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். பதினேழாம் கிணற்றின் மூடியைத் திறக்கும் சாவியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டதாகச் சொன்னாள். மாதம் ஒருமுறை அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, போய் அளந்துவிட்டு வந்தாள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை.

அவள் கணக்குப்படி, தொழிற்சாலைகள் வந்த முதல் இரண்டு வருடத்தில் ஒன்றரை மீட்டர் இறங்க வேண்டும். நான்கு மீட்டர் இறங்கியிருந்தது.

காரணம் தெரிய அவளுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அனுமதித்த பம்புகளுக்கு வெளியே வேறு பம்புகளும் ஓடுகின்றன. தவிர, அவள் மணல் அடுக்கின் தடிமனைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டுவிட்டாள். அவளுடைய தப்பும் அதில் சேர்ந்திருந்தது. எல்லோரும் அதிகமாகப் பயமுறுத்துகிறாள் என்று சொன்ன அறிக்கை, உண்மையில் பயம் போதாத அறிக்கை. முப்பத்தைந்து இல்லை. பதினைந்துகூடத் தாண்டாது.

ஒரு நாள் காலை அத்தான் போன் செய்தார்.

"உங்க அக்கா அந்த விளிம்பு ஊருக்குப் போய்ப் பேசப் போறாளாம். பள்ளிக்கூடத்துல கூட்டம் வெச்சிருக்காங்க. என் முட்டி அவ்ளோ தூரம் தாங்காது. நீ கூடப் போய்ட்டு வா."

"அக்கா கூப்பிட்டாளா?"

"கூப்பிடல. ஆனா தம்பி வேணாம்னும் சொல்லல. எங்க வீட்ல அதுக்கு அதான் அர்த்தம்."

9

பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். மடியில் அட்டையில் ஒட்டிய வரைபடம். ஒன்றரை மணி நேரம் தண்ணீர் பாட்டிலைத் தவிர எங்களுக்குள் எதுவும் கைமாறவில்லை. ஊர் நெருங்கும்போது, "என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"நான் கையெழுத்துப் போட்டேன்னு சொல்லப் போறேன்."

வகுப்பறையில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பதினோரு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தொழிற்சாலைகளில்தான் வேலை பார்க்கிறார் என்று தலைமையாசிரியர் முன்னாலேயே காதில் போட்டார். அக்கா கரும்பலகைமேல் அட்டையைச் சாய்த்து வைத்தாள். நீர்மட்டக் கோடு எப்படி இறங்குகிறது என்று காட்டினாள். முதல் பக்கத்தில் என்ன இருந்தது, பதினான்காம் பக்கத்துக்கு எது போனது, தன் கணக்கில் எங்கே தப்பு, எல்லாம் சொன்னாள். இருபது நிமிடம். குரல் ஓரிடத்தில்கூட உயரவில்லை. முத்திரைக்காரி சபையில் பேசியது மூன்றரைப் பக்கம், அதில் ஏழு ஆச்சரியக்குறி. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

யாரும் கத்தவில்லை. ஒருவர் எழுந்து, அப்படியானால் தொழிற்சாலையை மூடிவிடுவார்களா என்று கவலையோடு கேட்டார். மூட மாட்டார்கள் என்றாள் அக்கா. அவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கலாம்.

"மேடம், நீங்க சொன்னதுல பாதி எனக்குப் புரியல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் பொண்ணு இங்க வீடு கட்றா. கட்டலாமா, வேணாமா?"

அக்காவிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. எத்தனை வருடம், எத்தனை மீட்டர், எத்தனை சதவீதம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அதற்கெல்லாம் அவளிடம் 'இதிலிருந்து இதற்குள்' என்று ஒரு பதில் இருந்தது. என்னைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். படிக்கட்டில் நின்று போன் செய்தபோதும் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர எனக்காகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அக்கா திரும்பினாள்.

"கட்டாதீங்க" என்றாள்.

தையற்காரப் பெண் தலையசைத்தாள். சொன்னதைச் சரியாக வாங்கிக்கொண்டாள் என்று தெரிந்தது. கழுத்து நாடாவின் இரண்டு நுனிகளையும் இழுத்துச் சமமாக வைத்தாள்.

"அஸ்திவாரம் போட்டாச்சு மேடம்" என்றாள்.

இதற்கு அக்கா ஒரு பதில் சொன்னாள். முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். எனக்கும் கேட்டது. அதை இங்கே எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். ஐந்து வடிவம் ஆயிற்று. எப்படி எழுதினாலும், அதற்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி விழுகிறது. முற்றுப்புள்ளி விழுந்ததும் நீங்கள் புத்தகத்தை மூடுவீர்கள். அந்தப் பெண் இன்னும் வகுப்பறையில் நின்றுகொண்டிருக்கிறாள். அவளுடைய மகள் நாலு தெரு தள்ளி, வெயிலில், கம்பி கட்டுகிறவரிடம் ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்று காட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவளிடம் போய் யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். என் பேச்சு எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டீர்கள். நீங்கள் சொல்லுங்கள்